முதல் பைக் செகண்ட் ஹேண்டா? ஓட்டிப் பார்ப்பதற்கு முன் தள்ளிப் பாருங்கள்

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 8

வயசு 19. எம்.கே.பி. நகர். எல்.எல்.ஆர். போன வாரம்தான் வந்தது. 2017 மாடல் டியூக் 200, இரண்டாவது ஓனர், 78 ஆயிரம் சொல்றாங்க. பேசினா 70க்கு வரும். அதிலேயே கத்துக்கலாம்னு ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க. முதல் வண்டியே நல்லதா எடுத்துட்டா அப்புறம் மாத்த வேண்டியதில்லை, சரிதானே?

பிப்ரவரி 8, இரவு 11 மணி

வேண்டாம் தம்பி. வண்டியில் குறை இருக்கிறது என்று சொல்லவில்லை. நீங்கள் ஓட்டப்போகிற ரோட்டுக்கும் அந்த வண்டிக்கும் சரிப்படாது.

நான் வட சென்னை, கொடுங்கையூர். ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, காலை ஆறு மணிக்கு டியூட்டி. 33 வயதில்தான் கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். தினமும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைக் கடக்க வேண்டும். கேட் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் வண்டிகள் ரோட்டின் முழு அகலத்துக்கும் வந்து நிற்கும். திறந்ததும் அந்தக் கூட்டமும் இந்தக் கூட்டமும் தண்டவாளத்தின் மேலேயே முட்டிக்கொள்ளும். அங்கே உங்கள் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். கிளட்சைப் பாதி பிடித்தபடி, ஒரு காலைத் தரையில் தட்டித் தட்டி, பக்கத்து ஆட்டோவின் கண்ணாடியில் இடிக்காமல் போக வேண்டும். 200 சிசி வண்டியின் எந்தத் திறமையும் அந்த இடத்தில் உதவாது. வண்டி சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க முடிகிறதா என்பதுதான் விஷயம்.

வட சென்னையில் கற்றுக்கொள்கிற யாருக்கும் முதல் ஆறு மாதம் இப்படித்தான் போகும். கணேசபுரம் சுரங்கப்பாதை, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை, மின்ட் என்று எந்தப் பக்கம் போனாலும் சரி.

அதனால் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் சாவி கேட்பதற்கு முன் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சந்துக்குள் பின்பக்கமாகத் தள்ளுங்கள், திருப்புங்கள், சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுங்கள். ஸ்பிளெண்டர் சுமார் 110 கிலோ. பல்சர் 150 சுமார் 145. அந்த 35 கிலோ வித்தியாசம் காகிதத்தில் தெரியாது, வீட்டு வாசல் படியில் ஏற்றும்போது தெரியும்.

பிப்ரவரி 9, காலை

"மாத்த வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரி அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கற்றுக்கொள்ளும்போது வண்டி கீழே விழும். என்னுடையது முதல் இரண்டு மாதத்தில் நாலு தடவை விழுந்தது. அதில் மூன்று தடவை வண்டியில் வேகமே இல்லை: சைடு ஸ்டாண்டு சரியாக இறங்காமல் ஒன்று, மணலில் கால் வழுக்கி ஒன்று, யூ டர்ன் எடுக்கும்போது கிளட்சை விட்டுவிட்டு ஒன்று. இண்டிகேட்டர், கிளட்ச் லீவர், ஃபுட்ரெஸ்ட் என்று மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. தெருமுனைக் கடையிலேயே எல்லாச் சாமானும் கிடைத்தது. டியூக் 200 தண்ணீரில் குளிர்கிற இன்ஜின், முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது. அதில் அடிபட்டால் ஆயிரத்தில் நிற்காது.

அப்புறம், 2017 மாடல் டியூக் 200இல் ஏபிஎஸ் கிடையாது. அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த எல்லா வண்டியிலும் ஏபிஎஸ் உண்டு. ஈர ரோட்டில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிற பழக்கம் புதிதாக ஓட்டுகிற எல்லோருக்கும் இருக்கும், எனக்கும் இருந்தது.

பிப்ரவரி 9, மதியம்

காலையில் எழுதியதில் ஒரு தப்பு. ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் 2019 ஏப்ரல் 1 முதல் ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரை இருக்கிற வண்டிகளுக்கு அப்போது சிபிஎஸ் போதும் என்று விதி, அதாவது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போகிற ஏற்பாடு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி). அதில் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் இருக்கும். காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும், சோக் இழுக்கிற வேலை இல்லை. ஆனால் பழுது வந்தால் எல்லாத் தெரு மெக்கானிக்கும் கை வைக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 11

என் முதல் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது நான் ஓட்டுகிற ஸ்பிளெண்டர் இரண்டாவது வண்டி. அதற்கு முன்னால் ஒன்று இருந்தது.

2024 மார்ச். நெடுஞ்சாலை ஓரம் ஒரு கடை. போனதுமே "உங்களுக்கு எதுக்கு மேடம் கியர் வண்டி, ஸ்கூட்டி காட்டட்டுமா" என்றார்கள். அந்தக் கோபத்தில் நான் கேட்க வேண்டிய பாதிக் கேள்விகளைக் கேட்கவில்லை. 2016 பேஷன் ப்ரோ, 31 ஆயிரம். "மணலி பார்ட்டி, ஆபீஸ் போய் வந்த வண்டி." பாலிஷ் போட்டு மின்னியது. சீட் கவர் புதுசு, கிரிப் புதுசு. அத்தனையும் புதுசாக இருந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மே மாதம் வெயிலில் செல்ஃப் ஸ்டார்ட் நின்றது. அப்புறம் ஹாரன். ஒருநாள் விடியற்காலை பேசின் பிரிட்ஜ் பக்கம் ஹெட்லைட் மின்னி மின்னி அணைந்தது. இருட்டில் ஓரம் கட்டி நின்றபோது பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது. கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் ஹெட்லைட் டூமைக் கழற்றினார். உள்ளே காய்ந்த சேறு. சேற்றோடு கறுப்பாக ஒரு பிசுக்கு, துணியால் துடைத்தால் வரவில்லை, பெட்ரோல் நனைத்துத் துடைத்தால்தான் வந்தது. வயரிங் கப்ளர்களின், அதாவது வயர்களை இணைக்கிற பிளக்குகளின், பின்கள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. டேங்கைத் தூக்கினால் ஃபிரேமில் தண்ணீர் நின்ற கோடு. அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "எண்ணூர்."

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சுவரில் கறுப்புக் கோடு போட்ட அந்த வெள்ளத்தில் இந்த வண்டியும் நின்றிருக்கிறது. வீடு, படகு, வலை எல்லாம் இழந்தவர்கள் வண்டியையும் வந்த விலைக்குக் கொடுத்திருப்பார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தெரிந்தே கழுவி, பாலிஷ் போட்டு, "ஆபீஸ் போன வண்டி" என்று சொன்ன ஆள்மேல்தான் கோபம்.

வயரிங், வீல் பேரிங், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று 11,400 ரூபாய் செலவழித்தேன். செப்டம்பரில் 19 ஆயிரத்துக்கு ஒரு மெக்கானிக்குக்கே கொடுத்தேன், வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சொல்லித்தான்.

பிப்ரவரி 12

வெள்ளத்தில் நின்றதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மேல்பக்கம் பார்க்காதீர்கள், யாராலும் கழுவ முடியாத இடங்களைப் பாருங்கள். சீட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலைகள். ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்திருக்கிறதா. கப்ளர் ஒன்றைக் கழற்றி உள்ளே இருக்கிற உலோகப் பின் என்ன நிறம். இன்ஜின் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, உடனே திரும்பி வந்துவிடலாம். ஆனால் ஆயில் தெளிவாக இருப்பதை நம்ப வேண்டாம், ஆயில் மாற்றுவது ரொம்பச் சுலபம்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து வண்டிகளில் துரு பார்த்ததும் வெள்ளம் என்று முடிவு கட்ட வேண்டாம். அது கடல் காற்று. உப்புக்காற்றுத் துரு வெளியிலிருந்து வரும்: ஸ்போக்ஸ், மட்கார்டின் அடிப்பக்கம், சைலன்சரின் பெண்ட் பைப், டேங்கின் கீழ் விளிம்பு. அதே வண்டியின் கப்ளர் உள்ளே சுத்தமாக இருக்கும். வெளியே சுத்தம், உள்ளே பச்சை என்றால்தான் பயப்பட வேண்டும். பெண்ட் பைப் துரு எனக்குப் பெரிய விஷயமில்லை. டேங்க் துரு பெரிய விஷயம், துகள் கார்புரேட்டருக்குள் போனால் நடு ரோட்டில் மிஸ்ஸிங் அடிக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று லீவு, பேப்பர் விஷயத்தை நிதானமாக எழுதுகிறேன். வண்டி கெட்டால் காசு போகும், சரி செய்யலாம். பேப்பர் கெட்டிருந்தால் நல்ல வண்டியையும் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைக்க வேண்டியதுதான்.

முதலில் பரிவாகன் என்கிற அரசு வாகனத் தகவல் தளத்திலோ செயலியிலோ நம்பரைப் போடுங்கள். ஓனர் பெயர் (சில எழுத்துகளை மறைத்து), பதிவு எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்று வரும். இ-சலான் பக்கத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள், பெயர் மாற்றும்போது அது உங்கள் தலையில் விழும். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். அழுக்கு மூடியிருந்தால் துடையுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கடனில் எடுத்த வண்டி என்றால் பேங்க் கொடுத்த என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35உம் வேண்டும். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, ஆர்.சி.யிலிருந்து பேங்க் பெயர் நீங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்கிறவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் மொத்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள். 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

பதிவு 15 ஆண்டுக்கு. அதன் பிறகு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். என் ஸ்பிளெண்டர் 2012 மாடல், 2027இல் அந்த வேலை வரும் என்று தெரிந்தேதான் வாங்கினேன், விலையிலும் குறைத்துக் கேட்டேன்.

தடா, சூலூர்ப்பேட்டைப் பக்கமிருந்து வருகிற ஆந்திரப் பதிவு வண்டிகள் நம் பக்கம் நிறையக் கைமாறுகின்றன. விலை குறைவாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து என்ஓசி வாங்கி, இங்கே வாழ்நாள் வரி மறுபடி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். முதல் வண்டிக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

கடையில் வாங்குவதானால் இன்னொன்று. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வாங்கி விற்கிற டீலர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதிச் சான்று வைத்திருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள். நான் போன வருஷம் கேட்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 17

திருத்தம். 14 நாள் என்பது விற்கிறவர் தகவல் கொடுப்பதற்கான கெடு. வாங்குகிறவருக்கு 30 நாள். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற வாங்குகிறவருக்கு 14 நாள், நான் இரண்டையும் கலந்துவிட்டேன். வண்டி கைமாறும்போது தேர்டு பார்ட்டி கவர், அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஆகிற சேதத்துக்கான பகுதி, கூடவே வந்துவிடும். வண்டிக்கு நாம் சேதம் கேட்கிற பகுதி, பாலிசி நம் பெயருக்கு மாறாமல் கிடைக்காது.

2018 செப்டம்பருக்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு ஐந்து வருஷத் தேர்டு பார்ட்டி சேர்த்தே எடுத்திருப்பார்கள். "இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொன்னால் எந்த இன்சூரன்ஸ், எந்தத் தேதி வரை என்று கேளுங்கள்.

பிப்ரவரி 23

புல்லட் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பெரியப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டு பேக்டரியில் வேலை பார்த்தவர். இங்கிலாந்தில் ரெட்டிச்சில் இருந்த கம்பெனியோடு சேர்ந்து 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் தொடங்கியது அது. அங்கே கதவு மூடிய பிறகும் இங்கே புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. திருவொற்றியூரில் பாதித் தெருவுக்கு அந்த பேக்டரியில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்திருப்பார். அவ்வளவு பெருமை எங்களுக்கு உண்டு.

அந்தப் பெரியப்பாதான் நான் வண்டி வாங்கப்போகிறேன் என்றதும் போன் பண்ணி, "புல்லட்டைத் தொடாதே" என்றார். கனம் 180 கிலோவுக்கு மேல் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நான் யோசித்தே பார்க்காதது: பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இடது காலில் கியர் மாற்றப் பழகிய புதியவர் அவசரத்தில் வலது காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும்.

அதேபோல ஸ்பிளெண்டரில் நாலு கியரும் முன்பக்கம் கீழே அழுத்துவது. இப்போதைய பல்சர் 150இல் ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே. எந்த வண்டியில் கற்றுக்கொள்கிறீர்களோ அதே முறை உள்ள வண்டியைத் தேடுங்கள். பழகிய பிறகு எதுவும் ஓட்டலாம்.

மார்ச் 2, ஞாயிறு

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தார். டியூக்கை விட்டுவிட்டாராம். பெரம்பூரில் ஒரு 2018 ஷைன் 125 இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இன்று போனோம். நான், எங்கள் மெக்கானிக் அண்ணன், தம்பி, அவர் அம்மா.

மெக்கானிக்கை உங்கள் தெருவிலிருந்தே கூட்டிப்போங்கள், போக்குவரத்தோடு 300 கொடுத்தாலும் பரவாயில்லை. விற்கிறவர் காட்டுகிற மெக்கானிக்குக்கு அந்தப் பக்கத்துக் கமிஷன் இருக்கலாம்.

விற்கிறவர் ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், ஒரே ஓனர். முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தோம், ஜில்லென்று இருந்தது. அது நல்லது. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காலை ஸ்டார்ட்டிங் கோளாறு நமக்குத் தெரியாது. சோக் இழுத்து மூன்றாவது கிக்கில் ஸ்டார்ட் ஆனது. செல்ஃப் இழுக்கவில்லை, பேட்டரி போயிருந்தது. அண்ணன் ஓட்டிக் காட்டும்போது நாங்கள் பின்னால் நின்று புகையைப் பார்த்தோம், நீலமாக எதுவும் வரவில்லை. இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் போகின்றனவா என்றும் பின்னால் நின்றால்தான் தெரியும். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினார், நடுவில் ஓரிடத்தில் டக் என்று பிடித்தது. கோன் செட் (ஹேண்டில்பார் திரும்புகிற இடத்துப் பேரிங்) மாற்ற வேண்டும். செயினைப் பின் ஸ்பிராக்கெட்டிலிருந்து விரலால் இழுத்துப் பார்த்தார், பல் தெரிகிற அளவுக்கு விலகவில்லை. பின் டயரில் 2318 என்று இருந்தது, 2018இன் 23வது வாரம், வண்டியோடு வந்த டயர். மீட்டரில் 31 ஆயிரம் கிலோமீட்டர். ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் தேய்ந்த அளவு அதற்குப் பொருந்தியது.

தம்பி வண்டியைத் தள்ளினார். அவர்கள் வீட்டுச் சந்து மாதிரியே ஒரு சந்து அங்கேயும் இருந்தது, பின்பக்கமாகவே எடுத்துத் திருப்பிவிட்டார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன.

நாங்கள் எல்லோரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அம்மாதான் "ஐயா, எதுக்கு விக்கிறீங்க?" என்று கேட்டார். மூட்டு வலி, கிக்கர் உதைக்க முடியவில்லை, மகன் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று காட்டினார். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கேட்ட கேள்விகளிலேயே அதுதான் சிறந்தது. அன்றைக்கு அந்தக் கடையில் நான் இதைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

கேட்டது 46 ஆயிரம். பேட்டரி, பின் டயர், கோன் செட் மூன்றையும் சொல்லிப் பேசினோம். 42,500. இரண்டாயிரம் அட்வான்ஸ், எழுதிய ரசீதோடு.

மார்ச் 4

முதல் நாள் நான் எழுதியதில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். மணலியில் வேலை பார்க்கும் ஒருவர், "கேட்டில் நிற்கிற வண்டியை மட்டும் நினைத்து எழுதுகிறீர்கள், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 100 சிசி வண்டி ஓட்டிப் பார்த்தீர்களா" என்று கேட்டிருந்தார். ஓட்டியிருக்கிறேன். அவர் சொல்வது நியாயம். ஹார்பருக்குப் போகிற டிரெய்லர் வரிசையில் மாட்டினால் முன்னால் போகவும் முடியாது, பின்னால் ஒதுங்கவும் நேரம் இருக்காது. அந்த ரோட்டில் தினமும் போகிறவர்களுக்கு 125 சிசியின் இழுவை தேவைதான். ஷைன் சுமார் 120 கிலோ, அதனால் கனத்திலும் பெரிதாக ஏறவில்லை.

எவ்வளவு இழுவை இருந்தாலும் டிரெய்லரின் இடது பக்கம் நுழைய வேண்டாம். வளைவில் பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டி வரும், டிரைவருக்கு அங்கே நிற்பவர் தெரியாது. டோல்கேட் பக்கம் நான் பார்த்த ஒன்றை இங்கே எழுத மனம் வரவில்லை.

மார்ச் 16

தம்பி நேற்று எட்டுப் போட்டார், பாஸ். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் முடிந்தபிறகுதான் டெஸ்ட் என்பதால் இடைப்பட்ட நாட்களில் விடியற்காலையில் 'எல்' போர்டு மாட்டி, அவர் மாமா பின்னால் உட்கார, ஷைனிலேயே பழகினார். காலை ஊன்றாமல் எட்டை முடிக்க வேகம் உதவாது, பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு கிளட்சில் ஓட்டுவதுதான் உதவும். அதே வித்தைதான் கொருக்குப்பேட்டை கேட்டிலும்.

இரண்டு ஐஎஸ்ஐ ஹெல்மெட் வாங்கியாயிற்றா என்று கேட்டேன். ஒன்றுதான் வாங்கியிருக்கிறார். அம்மாவைக் கூட்டிப்போகும்போது அவருக்கும் வேண்டும், சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 23

பெயர் மாற்றத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தாகிவிட்டது. பெரியவர் படிவங்களில் கையெழுத்துப் போடத் தானே வந்தார், வண்டியின் பழைய சர்வீஸ் பில்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாராம். கடைசி ஆயில் மாற்றிய தேதியைப் பேனாவால் மேலே எழுதி வைத்திருக்கிறார். கோன் செட் மாற்றியாயிற்று, பின் டயர் அடுத்த சம்பளத்தில் மாமா வாங்கித் தருகிறார். மழை வருவதற்குள் வாங்கச் சொன்னேன்.